தினமும் தண்ணீர் விட்டும் தைப்பூசத்துக்குள் புல் மஞ்சளாவது ஏன்?

கேள்வி: பினாங்கு, புக்கிட் மெர்தாஜாமில் கார்னர் லாட் வீடு. பக்கவாட்டில் 20 அடிக்கு 15 அடி இடத்தில் போன நவம்பரில் கவ் கிராஸ் புல் பதித்தோம். டிசம்பர் வரை பச்சைப் பசேலென்று இருந்தது. தைப்பூசம் வருவதற்குள் பாதி மஞ்சளாகிவிட்டது. தினமும் மாலையில் பத்து நிமிடம் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுகிறேன். பக்கத்து வீட்டு ஆன்டி யூரியா போடச் சொல்கிறார். என் வீட்டுக்காரர் சிமெண்ட் போட்டு மூடிவிடலாம் என்கிறார். ஜப்பானிஸ் கிராஸ் மாற்றினால் சரியாகுமா அண்ணே?

பதில்: யூரியாவை வாங்காதீர்கள். சிமெண்டுக்கும் இப்போது அவசரமில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் புல் செத்திருக்க வாய்ப்புக் குறைவு. வேர் கீழே இறங்காமல் மேலேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான். அதற்கு நவம்பர் மழையும் ஒரு காரணம், நீங்கள் தண்ணீர் விடும் முறையும் ஒரு காரணம். நான் முன்பு கோல்ஃப் திடலில் புல் பராமரிப்பில் இருந்தவன், இப்போது பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் வீடுகளுக்குப் புல் பதித்துக் கொடுக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

"மலேசியாவில் எப்பவும் மழைதானே, புல்லுக்கு என்ன கஷ்டம்?" என்று கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் கேட்பார்கள். வருடக் கணக்கைப் பார்த்தால் பினாங்கில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, உண்மைதான். ஆனால் பெய்யும் மாதங்கள் வேறு, காயும் மாதங்கள் வேறு. தீபாவளியை ஒட்டிய அக்டோபரில் மட்டும் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். ஜனவரி, பிப்ரவரியில் அது 100-க்குக் கீழே போய்விடும். அந்த மழையும் சில நாளில் மொத்தமாகப் பெய்து முடிந்துவிடும். நடுவில் பத்து, பதினைந்து நாள் ஒரு துளி இருக்காது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்கு வெறுங்காலில் நடந்தவர்களுக்குத் தார் ரோடு எப்படிச் சுட்டது என்று தெரியும். அந்த வெயிலில் உங்கள் புல் நாள் முழுக்க நிற்கிறது.

நீங்கள் புல் பதித்ததோ நவம்பரில். மண் எப்போதும் ஈரம். மேல் ஒரு அங்குலத்திலேயே தண்ணீர் கிடைக்கும்போது வேர் எதற்காகக் கீழே போகும்? போகாது. ஜனவரியில் மழை நின்றதும் அந்த மேல் ஒரு அங்குலம்தான் முதலில் காய்கிறது. மழைக்காலத்தில் புல் பதிப்பது நல்லதுதான், நானும் அப்போது பதிப்பேன். ஆனால் வேர் பிடித்ததும், அதாவது மூன்றாவது வாரத்திலிருந்து, மழை இல்லாத நாட்களில் தண்ணீர் விடாமல் கொஞ்சம் காயவிட வேண்டும். இதைப் பதித்துக் கொடுக்கும் ஆள் சொல்வதில்லை. காசு வாங்கியதோடு அவர் வேலை முடிந்தது.

இப்போது உங்கள் பத்து நிமிடக் கணக்குக்கு வருவோம். சாதாரண வீட்டு ஹோஸில் நிமிடத்துக்குச் சுமார் 12 லிட்டர் வரும் (ஒரு வாளி வைத்து நீங்களே அளந்து பார்க்கலாம்). பத்து நிமிடத்துக்கு 120 லிட்டர். உங்கள் புல்தரை 300 சதுர அடி, சுமார் 28 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். ஆகவே நீங்கள் விடுவது நாளுக்கு 4 மில்லிமீட்டர் சொச்சம். இந்த வெயிலில் புல்லும் மண்ணும் சேர்ந்து ஒரு நாளில் ஆவியாக்கிவிடுவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நீங்கள் மாலையில் ஊற்றுவது மறுநாள் மாலைக்குள் போய்விடுகிறது, மேல் தோல் நனைந்ததோடு சரி. வாரத்துக்குக் கூட்டினால் 840 லிட்டர் வருகிறது. அளவு குறைவே இல்லை. அதைத் தினமும் சில்லறையாகக் கொடுப்பதுதான் பிரச்சினை.

அதே தண்ணீரை வாரத்துக்கு இரண்டே நாளில் விடுங்கள். ஒரு நாளைக்கு மொத்தம் 30 நிமிடம், 360 லிட்டர், அதாவது 13 மில்லிமீட்டர். மண் ஓரளவு இளக்கமாக இருந்தால் இது மூன்று நான்கு அங்குலம் வரை இறங்கும். வாரத்துக்கு 720 லிட்டர்தான், இப்போது செலவழிப்பதைவிடக் குறைவு. ஆனால் 30 நிமிடத்தையும் ஒரே மூச்சில் விட்டால் பாதி லோங்காங்குக்கு (சாக்கடைக்கு) ஓடிவிடும், ஏனென்றால் உங்கள் மண் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். பத்து நிமிடம் விடுங்கள், அரை மணி நேரம் நிறுத்துங்கள், மறுபடி பத்து, மறுபடி நிறுத்தம், கடைசியாகப் பத்து. முதல் சுற்று மண்ணை நனைத்து வாயைத் திறக்க வைக்கும், அடுத்த இரண்டும் உள்ளே போகும். கையில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்க யாருக்கும் பொறுமை இருக்காது, எனக்கும் கிடையாது. சாதாரணப் பிளாஸ்டிக் ஸ்பிரிங்க்ளர் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். சமமாக விழுகிறதா என்று பார்க்க நான்கு காலி மைலோ டின்னைப் புல்லில் ஆங்காங்கே வைத்துவிட்டு, முடிந்ததும் ஒவ்வொன்றிலும் எவ்வளவு நிற்கிறது என்று ஸ்கேலால் அளங்கள். அரை அங்குலம் நின்றால் அன்றைக்குப் போதும். ஒரு டின்னில் நிறைய, இன்னொன்றில் அடியில் மட்டும் என்றால் உங்கள் மஞ்சள் திட்டுகள் எங்கிருந்து வந்தன என்பதும் தெரிந்துவிடும்.

நேரத்தையும் மாற்றுங்கள். மாலையில் விட்டால் இரவு முழுக்க இலை ஈரமாகவே இருக்கும், நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பூஞ்சை வர அது போதும். காலையே நல்லது. இந்த மாதங்களில் பினாங்கில் பொழுது விடிவதே ஏழரை வாக்கில்தான். ஆறரைக்கு ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிட்டுப் பசியாற உட்கார்ந்தால், இடைவெளியெல்லாம் விட்டாலும் வெயில் ஏறுவதற்குள் மூன்று சுற்றும் முடிந்துவிடும். வேலைக்குக் கிளம்பும் நாளில் முடியாவிட்டால் சனி, புதன் என்று உங்களுக்கு ஒத்துவரும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எது செத்தது, எது தூங்குகிறது என்று பார்க்க வேண்டும். மஞ்சளான இடத்தில் ஒரு கைப்பிடி புல்லைப் பிடித்து இழுங்கள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தண்டின் அடி வெளிர்பச்சையாகவோ வெள்ளையாகவோ இருந்தால் உயிர் இருக்கிறது. அடித்தண்டும் மொறமொறவென்று ஒடிந்தால் அந்த இடம் போய்விட்டது. பாய் மாதிரி அப்படியே கையோடு வந்தால் இரண்டில் ஒன்று: வேரே பிடிக்கவில்லை, அல்லது கீழே வண்டுப்புழு வேரைத் தின்றிருக்கிறது. கிளறிப் பாருங்கள், வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும். இலையையே ஏதோ கடித்த மாதிரி இருந்தால் படைப்புழுவாக இருக்கலாம். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றுங்கள், இருந்தால் சில நிமிடத்தில் மேலே ஏறி வரும். ஒன்றும் வரவில்லை என்றால் மருந்து வாங்கக் கடைக்குப் போக வேண்டாம்.

மண்ணுக்கு ஒரு சோதனை. தண்ணீர் விட்ட மறுநாள் ஒரு நீள ஸ்குரூடிரைவரைக் குத்துங்கள். ஐந்தாறு அங்குலம் எளிதாக இறங்கினால் நல்ல மண். ஓரிரண்டு அங்குலத்தில் 'டக்' என்று நின்றால் கீழே என்ன இருக்கிறது என்று என்னால் இங்கிருந்தே சொல்ல முடியும். நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் கட்டடம் முடிந்ததும் செங்கல் உடைசல், சிமெண்ட் கழிவு எல்லாவற்றையும் பக்கத்து நிலத்தில் தள்ளி, மேலே செம்மண் கொட்டி, லாரி ஏற்றி அமுக்கிவிடுவார்கள். பிறகு புல் பதிப்பவர் அதன் மேல் ஒரு அங்குலம் மணல் தூவி, சதுரம் சதுரமாகப் புல்லை வைத்துவிட்டுப் போவார். பார்க்க அழகாக இருக்கும், நான்கு மாதத்துக்கு.

இதைச் சரிசெய்யும் வேலை இப்போது வேண்டாம். புல் ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும்போது துளை போட்டால் இன்னும் காயும். ஏப்ரலில் மழை திரும்பி, இரண்டு மூன்று முறை நன்றாகப் பெய்த பிறகு செய்யுங்கள். நான்கு பல் உள்ள தோட்டக் கவையையோ கூரான இரும்புக் கம்பியையோ எடுத்து, அரை அடிக்கு ஒரு துளை வீதம் நான்கு அங்குல ஆழத்துக்குக் குத்தி, லேசாக ஆட்டி எடுக்க வேண்டும். 300 சதுர அடிக்கு ஒரு காலை நேரம் பிடிக்கும், மறுநாள் இடுப்பும் பிடிக்கும். வீட்டுக்காரரிடம் சிமெண்டுக்குப் பதிலாக இந்தக் கம்பியைக் கொடுங்கள். பிறகு மக்கிய உரமும் ஆற்று மணலும் கலந்து மேலே தூவி, விளக்குமாற்றால் துளைகளுக்குள் தள்ளுங்கள். புல் நுனி வெளியே தெரிய வேண்டும், அரை அங்குலத்துக்கு மேல் போடக்கூடாது. கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: களிமண்ணை வெட்டிக் கிளறி அதில் நாலு வாளி மணலைக் கலந்தால் இளகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கொஞ்சமாகக் கலந்தால் செங்கல் மாதிரி இறுகும். களிமண்ணை இளக்குவது மக்கிய உரம்தான். துளைக்குள் மணல் போவது வேறு விஷயம், அங்கே அது தண்ணீர் இறங்க வழியாக நிற்கும். வருடத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் இரண்டாவது வருடமே வித்தியாசம் தெரியும்.

உரத்தைப் பற்றி. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். காய்ந்த மண்ணில், வாடிய புல்லில் அதைப் போட்டால் கருகும். கருகாவிட்டாலும் புதுத் தளிரை விடச் சொல்லிப் புல்லை விரட்டும், அந்தத் தளிருக்கும் தண்ணீர் வேண்டும். பக்கத்து வீட்டு ஆன்டி தோட்டப்புறத்தில் வளர்ந்தவராக இருந்தால் அவருக்கு யூரியா மேல் நம்பிக்கை இருப்பது நியாயம்தான், ஆனால் தோட்டத்திலும் வறட்சி நேரத்தில் போட மாட்டார்கள், மழையைப் பார்த்துத்தான் போடுவார்கள். நீங்கள் ஏப்ரல் மழைக்குப் பிறகு கடையில் 'என்பிகே கிரீன்' என்று விற்கும் 15-15-15 உரத்தை வாங்குங்கள். நீல நிற உரம் பூச்செடிக்கும் காய்ச்செடிக்கும் ஆனது. கவ் கிராஸ் பெருந்தீனிக்காரப் புல் இல்லை, சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிராம் போதும். உங்கள் இடத்துக்கு மொத்தம் அரைக் கிலோ. இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விட்டு இறக்கிவிட வேண்டும். மழை மாதங்களில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நவம்பர் கடைசியோடு நிறுத்திவிடலாம்.

வெட்டுவதில்தான் அதிகம் பேர் கெடுக்கிறார்கள். மாதம் ஒரு முறை முதுகில் மெஷினை மாட்டிக்கொண்டு வருபவர், நைலான் கயிற்றால் தரையோடு தரையாக வழித்துவிட்டுப் போகிறார். வீட்டுக்காரர்களுக்கும் அதுதான் பிடிக்கிறது: ஒட்ட வெட்டினால் காசுக்கு லாபம், அடுத்த தடவை சீக்கிரம் கூப்பிட வேண்டியதில்லை. புல்லின் இலைதான் அதற்குச் சோறு சமைக்கிறது. இலையை மொத்தமாக எடுத்துவிட்டால் வேர் தானாகச் சுருங்கும், மண் நேரடியாக வெயிலில் சுடும், அந்த வெற்றிடத்தில் களை முளைக்கும். ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கவ் கிராஸை இரண்டு, இரண்டரை அங்குலத்தில் வைத்திருங்கள், வறட்சி மாதங்களில் மூன்று அங்குலம் வரை விடலாம். அது கொஞ்சம் பரட்டையாகத்தான் தெரியும், பரவாயில்லை. வெட்டும் ஆளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், முடிந்தால் அவர் வெட்டத் தொடங்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வெட்டிய துணுக்குகள் சின்னதாக இருந்தால் அங்கேயே கிடக்கட்டும், அதுவே உரம். பிப்ரவரி முடியும்வரை வெட்டவே வேண்டாம் என்று சொல்வேன். வளரவும் வளராது.

சரி, ஜப்பானிஸ் கிராஸ். உங்கள் கேள்வியில் இதுதான் உண்மையிலேயே யோசிக்க வேண்டிய பகுதி. கவ் கிராஸ் பெரும்பாலும் தரைமேல் ஓடும் தண்டால் பரவும், வேரும் ஆழம் போகாது. சத்தில்லாத மண்ணிலும் புளித்த (அமிலம் கூடிய) மண்ணிலும் வளரும், அரை நிழலைத் தாங்கும், விலை குறைவு. ஆனால் வறட்சி அதற்கு ஆகாது. பிலிப்பைன் கிராஸ், பெர்ல் கிராஸ் என்று நர்சரியில் அழகாக அடுக்கி வைத்திருப்பதும் இதே குடும்பத்துக் குட்டை ரகம்தான். மென்மையாக இருக்கும், வெட்டும் வேலை குறைவு, வறட்சி விஷயத்தில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஜப்பானிஸ் கிராஸ் சோய்சியா இனம். மண்ணுக்கு அடியிலும் தண்டு ஓடுவதால், மேலே காய்ந்து போனாலும் மழை வந்ததும் கீழிருந்து துளிர்க்கும். சிக்லாப் என்று சொல்லும் புல்லும் இதே இனம், உப்பையும் தாங்கும். தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா பக்கம் கடலை ஒட்டிய வீடுகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். குறை என்னவென்றால் இரண்டும் மெதுவாக வளரும். ஒரு இடம் வெற்றாகிவிட்டால் மூட மாதங்கள் ஆகும், அதற்குள் களை வந்து உட்கார்ந்துவிடும். அதனால் இவற்றை இடைவெளி விட்டு வைக்காமல், சதுரங்களை நெருக்கி முழுதாகப் பதிக்க வேண்டும், செலவு கூடும். நல்ல வெயில் வேண்டும். வெட்டாமல் விட்டால் மேடு மேடாகப் புடைக்கும்.

வெயிலை எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்குவது, நம் வீட்டில் பிள்ளையாருக்கு வைக்கும் அருகம்புல்தான். கோல்ஃப் திடல்களில் பெர்முடா என்று சொல்வது அதே செடி. உலகம் முழுக்கத் திடல்களில் போடும் டிஃப்வே 419 என்ற கலப்பு ரகம், அருகம்புல்லை ஆப்பிரிக்க வகை ஒன்றோடு சேர்த்து அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஊரில் உருவாக்கி 1960-ல் வெளியிட்டது. ஆழமாக வேர் விடும், மண்ணுக்கு மேலும் கீழும் ஓடும், மிதித்தாலும் எழும். நிழல் மட்டும் ஆகவே ஆகாது, ஆறு மணி நேர நேர்வெயில் இல்லாத இடத்தில் இளைத்து மறைந்துவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை வெட்ட வேண்டும், பூந்தொட்டிக்குள்ளும் புகுந்துவிடும். வீட்டுக்கு இதைப் போடச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்துவதில்லை, பராமரிக்க ஆசை இருப்பவர்களைத் தவிர.

எந்தப் புல்லாக இருந்தாலும் இறுகிய மண்ணின் மேல் பதித்தால் அடுத்த தைப்பூசத்துக்கு இதே கேள்வியோடு வருவீர்கள். ஆகவே மண் வேலை முதலில், புல் மாற்றம் பிறகு. மாற்றுவதென்றால் பழையதை எடுத்துவிட்டு ஆறு அங்குலம் தோண்டி, கல்லையும் உடைசலையும் அள்ளிப்போட்டுவிட்டு, நல்ல மேல்மண் போட்டு, வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் லேசாகச் சரியும்படி மட்டம் பாருங்கள். செப்டம்பர் அதற்கு நல்ல மாதம், மழைக்குள் வேர் பிடித்து, வறட்சிக்குள் ஆழம் போக மூன்று மாதம் கிடைக்கும்.

தண்ணீர் பற்றி இன்னும் கொஞ்சம். அரிசி கழுவிய தண்ணீரைத் தாராளமாக விடலாம். துணி அலசிய கடைசித் தண்ணீரும் சரி, குளோராக்ஸ் (வெளுக்கும் திரவம்) போட்டது மட்டும் வேண்டாம். ஏர்கோன் குழாயில் சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, ஒரு வாளி வைத்துப் பிடியுங்கள். ஆனால் பீப்பாயில் சேர்த்து வைத்தால் இறுக்கமான மூடியோ மெல்லிய வலையோ போட்டே ஆக வேண்டும், ஏடிஸ் கொசுவுக்குச் சுத்தமான தேங்கிய தண்ணீர்தான் வேண்டும். 2014 தொடக்கத்தில் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு வாரக்கணக்கில் நடந்தது நினைவிருக்கும். அப்படி ஒரு நிலை இங்கு வந்தால் புல்லுக்கு விடாதீர்கள், காயட்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை அரை அங்குலம் கொடுத்தால் அடித்தண்டு உயிரோடு இருக்கும். சோய்சியாவும் அருகும் கட்டாயம் திரும்பும், கவ் கிராஸ் பாதிக்கு மேல் திரும்பும்.

களை இப்போதைக்குப் பெரிய விஷயமில்லை. தொட்டாற்சிணுங்கியையும், கைலியில் வந்து ஒட்டிக்கொள்ளும் அந்தக் கெமுஞ்சுப் புல்லையும் ஈர மண்ணில் வேரோடு பிடுங்குங்கள். கோரையைப் பிடுங்கினால் கிழங்கு கீழே நின்றுவிடும், விடாமல் திரும்பத் திரும்ப எடுத்துத்தான் இளைக்க வைக்க முடியும். வாடிய புல்லில் களைக்கொல்லி தெளிக்க வேண்டாம்.

வீட்டுக்காரர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கார் டயர் ஏறும் பட்டையிலும், வெயில் நாலு மணி நேரம்கூடப் படாத சுவர் ஓரத்திலும் புல்லோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த இடத்தில் கூழாங்கல்லோ இடைவெளி விட்ட கல்லோ போடுங்கள், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். முழுக்க சிமெண்ட் என்றால் மாலை வரை சூட்டைப் பிடித்து வைத்து ஹால் பக்கம் அனுப்பும், ஏர்கோன் பில்லில் தெரியும். பிளாஸ்டிக் புல்லும் நேர்வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும், பிள்ளைகள் விளையாடும் இடமாக இருந்தால் மறந்துவிடுங்கள்.

ஸ்குரூடிரைவர் எத்தனை அங்குலம் இறங்கியது, இழுத்த புல்லின் அடி என்ன நிறம், மதியம் எத்தனை மணி வரை அந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது, இந்த மூன்றையும் பார்த்து எழுதுங்கள். ஜப்பானிஸ் கிராஸுக்குக் காசு செலவழிக்கலாமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.